முதல் பிரதி பெற்றுக்கொண்டவர்

1

விழா அழைப்பிதழ் வந்திருக்கிறது. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ‘சமூகத்தோடு கற்றல்’ என்ற திட்டம் தொடங்கிப் பத்து ஆண்டு நிறைகிறதாம். அழைப்பிதழில் சிரிக்கிற மாணவர்கள், சிரிக்கிற ஏழைகள், ஓரத்தில் ஒரு மரம். கடைசி வரியில் என் பெயர்: கையேட்டை வெளியிட்டுப் பேசுபவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் பெயர் போடுவது இவர்களுக்குப் புதிதல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுவது நல்லது. கனடாவில் ஓர் ஏரிக்கரை நகரத்தில் தொழில்நுட்ப எழுத்து கற்றுக்கொடுக்கிறேன். காதுக்குப் பெரிதாக இருக்கும். மிக்சி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, பிரிக்காமலே பெட்டிக்குள் போட்டு வைப்போமே, அதை யாராவது எழுதத்தானே வேண்டும்? அந்த யாரோவை உருவாக்குவதுதான் என் வேலை. விண்ணப்பத்தை நிரப்புவது எப்படி, தீ பிடித்தால் எந்தப் படிக்கட்டில் இறங்குவது, எல்லாம் இதில் அடக்கம்.

மாணவர்களை வகுப்பிலேயே வைத்துப் பொய் வேலை கொடுக்காமல், ஊருக்குள் அனுப்பி, எழுத ஆளில்லாதவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்வது இந்தத் திட்டம். மாணவனுக்கு மதிப்பெண், ஏழைக்குக் கையேடு. ஏழைக்கு இங்கே ‘சமூகப் பங்காளி’ என்று பெயர். இதை ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இதைக் கண்டால் ஆகாது. எனக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆபத்துப் படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டும். மாணவர் பனியில் வழுக்கி விழ வாய்ப்புண்டா, நாய் கடிக்க வாய்ப்புண்டா, பிறர் கஷ்டத்தைக் கேட்டு மனம் சோர வாய்ப்புண்டா என்று வரிசையாகக் கேள்விகள். மாணவர் நுழைகிற வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்று ஒரு கேள்வியும் கிடையாது. இதை நான் எழுதியே கேட்டேன். நல்ல கருத்து, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் பிஸ்கட் நன்றாக இருந்தது.

2

இந்த ஆண்டுக் கையேடு வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கானது. வீட்டில் பழுது இருந்து, சொந்தக்காரர் கண்டுகொள்ளாவிட்டால், நகராட்சிக்குப் புகார் எழுதுவது எப்படி? அச்சுக்குப் போகுமுன் நான் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். சின்ன வாக்கியம், தெளிவான படம். பாதிக்கு மேல் புரட்டும்போது ‘மாதிரிப் புகார்’ என்று ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தில் மரியா இருந்தாள். பிலிப்பைன்சிலிருந்து வந்து ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், இரண்டு குழந்தைகள். முழுப்பெயர், வீட்டு எண், கட்டடத்தின் பெயர், சொந்தக்கார நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருந்தன. படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, இளைய மகனுக்கு மூச்சு வாங்குகிறது, மூன்று முறை சொல்லியும் யாரும் வரவில்லை என்று அவளே எழுதியது போலப் புகார். பக்கத்தில் அவள் புகைப்படம் வேறு.

அவள் புகார் எதையும் இன்னும் அனுப்பவில்லை என்பது பிள்ளைகள் இணைத்திருந்த பேட்டிக் குறிப்பில் இருந்தது. அவள் வாடகை மாதத்துக்கு மாதம் வாய்வார்த்தையில் ஓடுவது, எழுத்தில் ஒன்றும் கிடையாது. அந்த வீடு போனால் அந்த வாடகைக்கு இந்த நகரத்தில் வேறு இடம் கிடைக்காது.

திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். ஒருங்கிணைப்பாளர் என் மகள் கயல். இங்கே பிறந்து வளர்ந்தவள். நான் எதிலிருந்து ஓடி வந்தேனோ, அதையே படித்துப் பட்டம் வாங்கி, அதிலேயே வேலைக்கும் சேர்ந்தாள்.

“மாதிரியில எதுக்குடி நெசமான பேரு?” என்றேன்.

“அதுதாம்மா பவர். ஃபேக் நேம் போட்டா யாரு நம்புவா? ரியல் வாய்ஸ் வேணும்.”

“விழாவுல முதல் பிரதி யாருக்குக் குடுக்கிறீங்க?”

“அது உனக்காகவே வெச்சேன்மா. நம்ம தமிழ்ச் சங்கத்துல பண்ணுவாங்கல்ல, ஒருத்தர் வெளியிட, ஒருத்தர் ஃபர்ஸ்ட் காப்பி வாங்கிக்குவாங்களே. நீ வெளியிடுற, ஸ்பான்சர் வாங்கிக்குறார்.”

ஸ்பான்சர் யார் என்று கேட்டேன். சொன்னாள். மரியாவின் கட்டடத்துக்குச் சொந்தக்கார நிறுவனம்தான்.

உலகத்தில் எத்தனையோ வழக்கங்கள் இருக்கும்போது, இந்தப் பெண் எங்கள் ஊரிலிருந்து தேடிப்பிடித்து எடுத்துக்கொண்டது இதைத்தான்.

“மறுபடியும் தாத்தா ஸ்டோரியா?” என்றாள், நான் வாயைத் திறக்குமுன்பே. “மீட்டிங் இருக்கும்மா. அப்புறம் பேசறேன்.”

அவள் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

3

மேலப்படுகை, வெண்ணாற்றுப் பாசனம். கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சுவரெல்லாம் உழுபவனுக்கே நிலம் என்று எழுதியிருந்தது. வயலில் மட்டும் பழைய கணக்குத்தான் நடந்தது. கிழக்கே சில ஊர்களில் செங்கொடி ஏறி, கூலித் தகராறு முற்றி, போலீஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை. எங்களுக்குப் பயம் மட்டும் இருந்தது.

அப்பா வைத்திலிங்கம் அரை வேலி, அதாவது மூன்று ஏக்கருக்கு மேல், நிலம் குத்தகைக்குச் செய்தார். அவருடைய அப்பாவும் அதையே செய்தவர். நிலத்துக்குச் சொந்தக்காரர் தஞ்சாவூரில் மாடிவீட்டில் இருந்தார். பண்ணையார் என்று சொல்வோம். அறுப்புக்கு மட்டும் வருவார். நெல்லை அளந்து கொட்டினால் அவருடைய காரியக்காரர் தலையை ஆட்டுவார், அந்தத் தலையாட்டல்தான் ரசீது.

குத்தகைக்காரன் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த நேரம். பதிந்துவிட்டால் நினைத்தபோது நிலத்தைவிட்டு இறக்க முடியாது. ஆனால் பதியப் போகிறான் என்று முன்கூட்டித் தெரிந்தால், பதியுமுன் இறக்கிவிடுவார்கள். பக்கத்து ஊரில் அப்படி நடந்திருந்தது.

அதனால் எங்கள் ஊரில் பண்ணையாரின் நிலத்தைச் செய்த பதினொரு குத்தகைக் குடும்பமும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தன. குறுவை அறுத்து, நெல்லை அளந்து கொடுத்த கையோடு, ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் பதினொரு பேரும் போய் எழுதிக் கொடுப்பது. ஒருத்தனைத் தனியாக இறக்கலாம். பதினொரு பேரை இறக்கிவிட்டு அடுத்த போகம் தாளடி நடப் பண்ணையார் எங்கே போவார்? அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது, யாரும் முந்தவும் கூடாது. ஐயனார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். நாங்கள் அந்த நிலத்தில் நிலைப்பதும் போவதும் அந்த ஒரு நாளில் இருந்தது.

அப்போதுதான் முகாம் வந்தது.

4

நகரத்துத் தொழிற்கல்லூரி ஒன்றிலிருந்து பேராசிரியர் குணசீலன் தலைமையில் இருபது மாணவர்கள். குணசீலன் வகுப்பில் அறிக்கை எழுதுவது எப்படி என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பவர், மேடையில் அடுக்குமொழிச் செந்தமிழ். படிப்பு மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கி, குத்தகைப் பதிவு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று விவசாயிகளுக்கு ஒரு விளக்கக் கையேடு எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு.

நல்ல பிள்ளைகள்தான். இதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். குழுத்தலைவன் சேகர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்த நான்தான் பரிமாறினேன். சாப்பிட்டுவிட்டு விண்ணப்பத்தை விரித்துக்கொண்டு உட்காருவான்.

“ஐயா, இந்தக் கட்டத்துல சர்வே நம்பர் கேக்குது. எல்லைன்னு கேக்குது. எப்படிங்க எழுதறது?”

“எனக்குத் தெரிஞ்சது என் வயலுதான் தம்பி. அதைச் சொல்றேன், விளங்கிக்குங்க,” என்று அப்பா சொல்லச் சொல்ல, அவன் எழுதிக்கொண்டான். சர்வே எண், நான்கு எல்லை, எவ்வளவு காலமாகச் சாகுபடி, சொந்தக்காரர் பெயர் எல்லாம். எழுதி முடித்ததும் அப்பாவுக்கு ஏதோ உறைத்தது.

“பேரு மட்டும் வேணாம் தம்பி. ‘ஒரு விவசாயி’ன்னு போட்டுக்குங்க.”

“மாத்திடுறேங்க ஐயா,” என்றான் சேகர். அவன் மாற்றத்தான் நினைத்திருப்பான். ஆனால் குணசீலன் விடவில்லை என்று பிறகு தெரிந்தது. கற்பனைப் பெயர் போட்டால் உயிர் இருக்காதாம், மண்ணின் மைந்தன் பெயர் வேண்டுமாம். கயல் சொன்ன அதே வார்த்தை, மொழிதான் வேறு.

முகாம் முடிந்தது. குறுவை கதிர் முற்றி நின்றபோது வீட்டுக்கு ஓர் அழைப்பு வந்தது. கல்லூரியில் கையேடு வெளியீட்டு விழா, அப்பாவுக்குச் சிறப்பு மரியாதை. மறுத்தால் படித்த பிள்ளைகள் மனசு வருத்தப்படுமே என்று அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நான்.

புத்தகம் என்றால் நம் ஊரில் விழா வேண்டும். விழா என்றால் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரிய மனிதர் வேண்டும். பெரிய மனிதர் என்றால் யார்? பணம் உள்ளவர். அச்சுச் செலவுக்குக் காகிதம் வாங்கிக் கொடுத்தவர், கல்லூரிக் குழுவில் இருப்பவர். திரை விலகியதும் மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார் எங்கள் பண்ணையார். குத்தகைக்காரர் நிலத்தைப் பதிந்துகொள்வது எப்படி என்ற புத்தகத்தை, நிலத்துக்காரர் கையில் முதலில் கொடுப்பதற்குத்தான் அத்தனை மாலையும் மைக்கும். அந்த மண்டபத்தில் ஒருவருக்குக் கூட இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. வழக்கம் அப்படி, அவ்வளவுதான்.

குணசீலன் முழங்கினார். “ஏட்டுச் சுரைக்காய் அல்ல இது! ஏர் பிடித்த கையின் எழுச்சி! மாதிரி விண்ணப்பத்தில் நீங்கள் காண்பது கற்பனைப் பெயர் அல்ல. இதோ, உங்கள் கண்ணெதிரே அமர்ந்திருக்கும் மேலப்படுகை வைத்திலிங்கம்!”

கைதட்டல். பண்ணையார் பிரதியை வாங்கி, எல்லோரும் செய்வது போலச் சும்மா புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். நில உரிமையாளர் என்ற கட்டத்தில் அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. குணசீலன் தன் முன்னுரையைத் தவிர அந்தப் புத்தகத்தில் எதையும் படித்திருக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். துண்டு போர்த்துவது சிறப்பு விருந்தினர். பண்ணையார் எழுந்து, சிரித்த முகத்தோடு, அப்பாவின் தோளில் துண்டைப் போட்டார். முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

“அச்சுல ஏறிட்டியே வைத்தி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே.”

போட்டோ எடுத்தார்கள்.

5

பஸ்ஸில் அப்பா கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கும்போது அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். முழுவதும் படித்தேன்.

“தப்பு ஏதாவது இருக்கா?”

“இல்லப்பா. எல்லாம் சரியா இருக்கு.”

“அதாம்மா பயமா இருக்கு.”

பண்ணையாரைவிட ஊர் முந்திக்கொண்டது. முகாம் தங்கிய பள்ளிக்கூடத்துக்குக் கல்லூரி அனுப்பிய ஒரு பிரதி எங்களுக்கு முன்பே மேலப்படுகைக்கு வந்திருந்தது. அடுத்த வீட்டுக் கலியமூர்த்தி, அப்பாவோடு சேர்ந்து சூடம் அணைத்தவர், வாசலில் நின்று கத்தினார்.

“எங்களையெல்லாம் உக்கார வெச்சுட்டு நீ மட்டும் போயி எழுதிக்கிட்டியா வைத்தி? விழா வேற, துண்டு வேற!”

“அது விண்ணப்பம் இல்ல கலியா. மாதிரி. சும்மா விளக்கத்துக்கு.”

“மாதிரிக்கு எதுக்குய்யா உன் பேரு?”

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். சூடத்தை அணைத்துவிட்டு முந்தியவன் என்ற பெயர் அப்பாவுக்கு ஒட்டிக்கொண்டது. அது கடைசிவரை போகவில்லை. பதினொரு பேரும் ஒரே பஸ்ஸில் போகும் பேச்சும் அத்தோடு நின்றது.

அறுப்பு முடிந்து நெல்லை அளந்து கொடுத்த மறுவாரம் காரியக்காரர் வந்தார். பண்ணையார் சொந்தப் பயிர் வைக்கப் போகிறாராம். எங்கள் நிலத்தில் மட்டும். தாளடிக்கு அப்பா விட்டிருந்த நாற்றங்கால் பச்சைப்பசேலென்று நின்றது. அதன்மேல் டிராக்டரை ஏற்றினார்கள். வெளியூர் ஆட்கள், கூட இரண்டு போலீஸ்காரர்கள். மற்ற பத்துக் குடும்பமும் கரையில் நின்று பார்த்தது. ஒருவரும் வாய்க்காலைத் தாண்டவில்லை. அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அப்பா அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே அதிகாரி, சாகுபடி செய்தீர் என்பதற்கு ரசீது உண்டா என்றார். இல்லை. ஏதாவது எழுத்து? அப்பா அந்தக் கையேட்டை நீட்டினார். இருந்த ஒரே எழுத்து அதுதான். அதிகாரி பக்கத்தின் மேலே விரலை வைத்தார்.

“என்னய்யா இது, ‘மாதிரி’ன்னுல்ல போட்டுருக்கு?”

நிலத்தைப் பிடுங்கப் போதுமானதாக இருந்தது, திரும்பக் கேட்கப் போதவில்லை.

மறு ஆண்டு, கடைசியாகக் குணசீலனிடம் போனோம். அப்பா அந்த நிலத்தில் சாகுபடி செய்ததை முகாமில் பார்த்ததாக எழுதிக் கொடுத்தால், வந்து ஒரு வார்த்தை சொன்னால், ஏதாவது நடக்கும் என்று நான்தான் அப்பாவை அழைத்துப் போனேன். அவர் மிக அன்பாக நாற்காலி போடச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வருந்துகிறேனம்மா. ஆனால் அந்த ஆண்டு முகாம் முடிந்துவிட்டதே. மதிப்பெண்ணும் போட்டாகிவிட்டது. இந்த ஆண்டுப் பிள்ளைகள் வேறு ஊரில் சாலை போடுகிறார்கள்,” என்றார். சேகர் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டானாம். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அலமாரியைத் திறந்து ஒரு சான்றிதழை எடுத்து, அப்பாவின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். முகாமுக்கு ஒத்துழைப்பு நல்கியமைக்கு நன்றி.

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கும்பகோணத்தில் மாமா வீட்டுப் பக்கம் குடிபோனோம். அப்பா நெல் மில்லில் மூட்டை எடை போட்டார். நிலத்தில் நடந்து பழகிய மனிதர், சிமெண்டுத் தரையில் காலம் கழித்துச் செத்தார். நான் படித்தேன், கல்யாணம் செய்தேன், கடல் தாண்டினேன். எழுதத் தெரிந்தவர்கள்மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதக் கற்றுக்கொண்டேன். ஆத்திரம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

6

கயல் மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். கையேட்டில் நான் கையெழுத்திடாததால் அச்சகம் காத்துக்கொண்டிருந்தது. இட்லி சாப்பிட்டாள், வாதாடினாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள்.

“மரியா கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காம்மா. லீகலா எல்லாம் கிளியர்.”

“கையெழுத்தென்ன, உன் தாத்தா சோறே போட்டாருடி.”

“அது அந்தக் காலம். அது இந்தியா. இங்க லா இருக்கு, புகார் குடுத்ததுக்காக யாரையும் வெளிய அனுப்ப முடியாது.”

“அங்கேயும் சட்டம் இருந்துச்சு. அந்தச் சட்டத்தை விளக்கத்தான் அந்தப் புத்தகமே.”

“நாங்க கம்யூனிட்டிக்குத் திருப்பிக் கொடுக்கறோம்மா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

“திருப்பிக் குடுக்கிறதுன்னா முதல்ல எடுத்திருக்கணும். அதுவாவது ஒத்துக்கிறீங்களே.”

தட்டைத் தள்ளி வைத்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. எனக்கும்தான். ஆனால் நான் விடுவதாக இல்லை.

“சரி. மாதிரிக்கு உயிரோட ஒரு ஆளு வேணும், அவ்வளவுதானே? உன் பேரைப் போடு. உன் வீட்டுக் குளியலறையில தண்ணி ஒழுகுது, சொந்தக்காரன் எட்டிக்கூடப் பாக்கலன்னு பனி உருகின நாள்லேருந்து பொலம்புறியே. அதை எழுது. உன் வீட்டு நம்பர், உன் போட்டோ, அந்த ஆளு பேரு எல்லாம் போடு. நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“ஐயோ, வேற வினையே வேணாம். அந்த ஆளு கண்ணுல பட்டா அடுத்த மாசமே என்னை…”

நிறுத்திக்கொண்டாள்.

குழாயடியில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். மாதிரிப் பக்கத்தைத் திறந்தாள். மரியாவின் படம் திரையில் நிறைந்து சிரித்தது.

“மரியாவும் முதல்ல பேரு வேணாம்னுதாம்மா சொன்னா,” என்றாள் என்னைப் பார்க்காமல். “நாங்கதான் பேசிச் சம்மதிக்க வெச்சோம்.”

படத்தை எடுத்தாள். பெயரை எழுத்து எழுத்தாக அழித்தாள், பிறகு வீட்டு எண்ணை, பிறகு கட்டடத்தையும் நிறுவனத்தையும். அந்தக் கட்டங்கள் வெறுமையாக நின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்து நீட்டினாள், அதன் கீழே அச்சுக்கு அனுமதியென்று நான் கையெழுத்துப் போட்டேன்.